உஷார்! முதுகில் கத்தி வைக்கும் முன் நெஞ்சைப் பாருங்கள்

பள்ளியில் முதுகுச் சோதனை முடிந்து உங்கள் மகள் கடிதம் கொண்டுவந்திருக்கிறாளா? தோ பாயோ பலதுறை மருந்தகத்துக்கோ சிறப்பு மருத்துவரிடமோ போகுமுன் அவள் கைகளைப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மற்ற விரல்களால் மூடச் சொல்லுங்கள். அதன் நுனி சுண்டுவிரல் பக்கம் வெளியே துருத்துகிறதா? வயதுக்கு மீறிய உயரம், குழிந்த நெஞ்சு, கடுமையான கிட்டப்பார்வை என இவையும் சேர்ந்திருந்தால், ‘மார்ஃபான் நோய் இருக்குமா டாக்டர்?’ என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

1997இல் சிங்கப்பூரில் 72,699 பிள்ளைகளைச் சோதித்தபோது, 13, 14 வயதுப் பெண்பிள்ளைகளில் 2.22 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. பெரும்பாலான வளைவுகளுக்குக் காரணம் தெரிவதில்லை. பலவற்றைக் கண்காணித்தாலே போதும். நான் பதறுவது மார்ஃபானால் முதுகு வளையும் சிலருக்காக. ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு மார்ஃபான் உண்டு. உடம்பைக் கட்டிப்பிடித்திருக்கும் இணைப்புத் திசுவே அதில் பலவீனம். முதுகெலும்பு வளைவது கண்ணுக்குத் தெரியும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்குவது தெரியாது. அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். பெருந்தமனி கிழிந்திருந்தது. மார்ஃபான் என்று தெரிந்ததே பிரேதப் பரிசோதனையில்தான்.

அதனால், முதுகை நிமிர்த்த அறுவை தேவைப்பட்டால், இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்காமல் அறுவை மேசைக்குப் போகவே கூடாது. எம்ஆர்ஐயும் வேண்டும்: தண்டுவட உறை மெலிந்து உப்பியிருந்தால் நீர் கசியும், எலும்பு மெலிந்திருந்தால் முதுகெலும்பில் போடும் திருகாணி பிடிக்காது. இரத்தமும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போகலாம்.

நுரையீரல் விஷயத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. ‘முதுகு நிமிர்ந்தால் மூச்சு சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை ஆபத்தானது. மார்ஃபானில் குழிந்த நெஞ்சும் தளர்ந்த நுரையீரலும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், வளைவு மிதமாக இருக்கும்போதே மூச்சின் கொள்ளளவு குறைந்திருக்கலாம். அறுவை முடிந்த முதல் நாள்களில் அது இன்னும் இறங்கும். பிறகு மெல்ல மீளும். ஆனால் நெஞ்சைத் திறந்தோ விலா எலும்பை வெட்டியோ செய்தால் மீள்வது கடினம். முதுகு வழியாகவே செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

மூச்சு ஊதும் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. இயல்பான அளவை உயரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதுகு வளைந்தவரின் உயரம் குறைந்து தெரிவதால், விரித்த கைகளின் நீளத்தை எடுப்பது வழக்கம். மார்ஃபான் பிள்ளைக்கோ கைகளே அளவுக்கு மீறி நீளம்! எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அறுவைக்குப் பின் அதே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

திடீரென நெஞ்சு குத்தி மூச்சு முட்டினால் நுரையீரல் சுருங்கியிருக்கலாம், தமனி கிழிந்திருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், டாக்சிக்கும் காத்திருக்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள். மார்ஃபான் என்பதை முதலில் சொல்லுங்கள்.