க்ஷயம் அன்று, நண்டு!

1880-ம் வருஷம். சீன தேசத்தில் அமாய் என்று அந்நாளில் வழங்கிய துறைமுகப் பட்டினத்தில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் பாட்ரிக் மான்ஸனிடம், சீனர் ஒருவர் சிரங்குக்கு மருந்து கேட்டு வந்தார். பேச்சினிடையே செருமி, டாக்டருடைய கம்பளத்தின்மீதே துப்பிவிட்டார். மற்றொருவராயிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். மான்ஸனோ, கோழை செந்நிறமாயிருப்பதைக் கண்டு அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ புழுவின் முட்டைகள்! அதற்கு முந்தின வருஷம் தைவான் தீவில் இறந்த போர்த்துக்கீசியர் ஒருவரின் நுரையீரலிலிருந்து டாக்டர் ரிங்கர் எடுத்த புழுவின் முட்டைகளும் இவையும் ஒன்றாகவே இருந்தன.

இவ்வினப் புழுவை 1878-ல் கெர்பெர்ட் என்பவர் வர்ணித்திருந்தார். அவர் அதைக் கண்டது, ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் இறந்த நம் வங்கப் புலிகளின் நுரையீரலில்.

புழு காப்பிக்கொட்டை அளவுதான். நிறமும் ஏறக்குறைய அதுவே. (காலைக் காப்பியுடன் இதைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.) கோழையோடு வெளிப்படும் முட்டை ஓடை நீரில் பொரிந்து, நத்தைக்குள் புகுந்து பெருகி, பிறகு நண்டின் தசையில் குடியேறுகிறது. அந்த நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால், குடலைத் துளைத்து, உதரவிதானத்தையும் துளைத்து, நுரையீரலை அடைகிறது. சில வேளை மூளைக்கும் போய்விடுவதுண்டு. கொரியாவில் தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு, நண்டினத்தைச் சேர்ந்த ஓடைப் பிராணியை இடித்துப் பிழிந்த பச்சைச் சாற்றைத் தாய்மார் மருந்தென்று புகட்டி வந்தார்கள். மருந்தே நோயாயிற்று!

நம் தேசத்தில் 1980-களில் மணிப்பூரிலும், பின்னர் அருணாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் இந்நோய் அறியப்பட்டது. அங்கே விபரீதம் என்னவென்றால், இருமல், மார்வலி, இரத்தம் கலந்த கோழை, எக்ஸ்ரே படத்தில் நிழல் ஆகிய எல்லாம் க்ஷயத்தின் சாயலாகவே இருப்பதுதான். க்ஷயக் கிருமியைத் தேடுவதற்காகக் கோழைக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அம்முறையோ இப்புழுவின் முட்டைகளைச் சிதைத்துவிடக் கூடியது. கிருமியும் அகப்படாது, முட்டையும் அகப்படாது. ஆயினும் க்ஷயமென்றே தீர்மானித்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். க்ஷயம் என்ற பெயர் வந்துவிட்டால் ஒரு குடும்பத்தில் என்னென்ன நேரும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? தனிப் பாய், தனிப் பாத்திரம், தட்டிப்போன கல்யாணம். இத்தனைக்கும் இந்நோய் இருமலினால் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதே இல்லை!

கோழையைச் சாயமேற்றாமலும் ஒருமுறை பார்த்து, ‘ஓடை நண்டு தின்றதுண்டா?’ என்று ஒரு கேள்வியும் கேட்டால் பல சமயம் உண்மை வெளிப்பட்டுவிடும். பிறகு ‘பிராஸிக்வாண்டெல்’ என்னும் மாத்திரையை இரண்டு மூன்று நாள் கொடுத்தாலே பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

நண்டை நன்றாக வேகவைத்தால் புழு மடிந்துவிடும். ஆனால் நண்டை நறுக்கிய கத்தியையும் கையையும் கழுவாமல் வேறு பண்டத்தைத் தொட்டால், நண்டையே உண்ணாதவருக்கும் அபாயம் உண்டு.