அச்சத்தின் நினைவும் மனச் சிகிச்சையும்

ஸ்விட்ஸர்லாந்தின் ஜெனீவா நகரில் கிளாபரேட் என்னும் மனோதத்துவ அறிஞர், நினைவாற்றல் குன்றிய ஒரு பெண்ணைச் சோதித்து வந்தார். நாள்தோறும் காணும் மருத்துவரையே அவள் புதியவராகக் கருதுவாள். ஒரு முறை அவர் தம் விரல்களிடையே ஓர் ஊசியை மறைத்து வைத்துக்கொண்டு அவளுடன் கைகுலுக்கினார். பின்னர் அவர் கை நீட்டியபோது அவள் தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆனால் ஊசி குத்தியது தனக்கு நேர்ந்த நிகழ்ச்சியென்று அவளால் சொல்ல இயலவில்லை. 1911ஆம் ஆண்டில் வெளியான குறிப்பு இது. இத்தகைய சோதனையை இன்று எந்த மருத்துவமனையும் அனுமதியாது.

நிகழ்ச்சியை மறந்த மூளை அச்சத்தை மட்டும் எங்கே வைத்திருந்தது? மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, வாதுமைப் பருப்பின் வடிவில் இரு நரம்பணுத் திரள்கள் உள்ளன. அமிக்டலா என்பது இவற்றின் பெயர். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயாளிகளுக்குச் சில வண்ணங்கள் காட்டப்பட்டன. அவற்றுள் ஒரு வண்ணத்தைத் தொடர்ந்து பேரொலி எழும். அமிக்டலா சிதைந்த நோயாளி எவ்வண்ணத்தின் பின் ஒலி வந்ததென்று பிழையின்றிக் கூறினார். ஆயினும் அவ்வண்ணத்தைக் கண்டபோது அவர் தோலில் வியர்வை மாற்றம் தோன்றவில்லை. நிகழ்ச்சிகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சிதைந்த மற்றொருவரிடமோ வியர்வை மாற்றம் தோன்றியது. வண்ணம் எதுவென்று அவரால் கூற இயலவில்லை. ஜெனீவாப் பெண்ணின் நிலையும் இதனை ஒத்ததே. எனினும் அச்சம் முழுவதற்கும் அமிக்டலாவே பிறப்பிடம் என்று கொள்ளலாகாது. அது இல்லாதோரும் கரியமில வாயு மிகுந்த காற்றைச் சுவாசித்தபோது பீதியுற்றதாக 2013இல் அறியப்பட்டது.

அச்சத்தைத் தணிக்கும் சிகிச்சைக்கு வித்திட்டவர் ருஷிய விஞ்ஞானி பாவ்லாவ். ஓர் ஒலியைக் கேட்டதும் உணவை எதிர்நோக்கி உமிழ்நீர் சுரக்கப் பழகிய நாய்க்கு, உணவளிக்காமல் ஒலியை மட்டும் பன்முறை எழுப்பினால் சுரப்பு நின்றுவிடும். சிறிது ஓய்வுக்குப் பின் அதே ஒலியை எழுப்பினாலோ சுரப்பு மீண்டும் தோன்றும். அதாவது, பழைய பாடம் அழியவில்லை; அதன்மேல் வேறொரு பாடம் ஏறியிருந்தது.

குழந்தைகளிடம் இதன் பயனைக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1924இல் அவர் வெளியிட்ட கட்டுரை பீட்டர் என்ற மூன்று வயது நிரம்பாத சிறுவனைப் பற்றியது. முயல், கம்பளி மேலாடை, பஞ்சு ஆகியவற்றைக் கண்டு அவன் அஞ்சினான். அஞ்சாத பிள்ளைகளுடன் விளையாட விட்டதில் அச்சம் குறைந்து வந்தது. இடையில் காய்ச்சல் கண்டு இரு மாத காலம் அவன் வரவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய வந்தது. அச்சம் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. ஜோன்ஸ் தம் முயற்சியைக் கைவிடவில்லை. அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும் வேளையில், உண்பது தடைப்படாத தொலைவில் கூண்டிலிட்ட முயலை வைத்து, நாளடைவில் நெருங்கச் செய்தார். இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் அவன் இடமளித்தான்.

இடையில் ஏற்பட்ட அப்பின்னடைவுக்கு மூளையில் விளக்கம் உண்டு. 2002இல் எலிகளிடம் நடத்தப்பெற்ற ஆராய்ச்சி, நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதியில், அச்சம் தணிந்த மறுநாள் அப்பாடத்தை நினைவூட்டும் நரம்பணுக்கள் கிளர்ச்சியடைவதைக் காட்டியது. அவை மிகுதியாகக் கிளர்ந்த எலிகளே குறைவாக அஞ்சின. புறணி கடிவாளத்தைப் பிடிக்கிறது. குதிரை லாயத்திலேயே இருக்கிறது. மேலும் இப்புதிய பாடம் கற்ற இடத்தோடு பெரிதும் பிணைந்தது. ஆகவே சிகிச்சை அறையில் தணிந்த அச்சம் கடைவீதியில் தலைதூக்கலாம்.

ஆசிரியர்களுக்கு இதில் நேரடியான பயன் உண்டு. கரும்பலகைக்கு முன் நிற்க அஞ்சும் மாணவனைப் பலவந்தமாக நிறுத்திவைப்பதும், அஞ்சுகிறானே என்று அவனை ஒருநாளும் அழையாது விடுவதும் ஒருங்கே தீங்கானவை. முன்னதில் அச்சம் உச்சத்தில் இருக்கும்போதே அவன் ஓடி மீள்கிறான். பின்னதில் புதிய பாடம் கற்க வாய்ப்பே இல்லை. முதலில் இருந்த இடத்திலிருந்து ஒரு வரி, பின்பு நண்பனுடன் பலகையருகில், பின்பு தனியே, பின்பு வேறொரு வகுப்பில் என்று படிப்படியாகச் செல்வது தக்கது. விடுமுறைக்குப் பின் அச்சம் மீண்டால் அது மாணவனின் பிடிவாதமும் அன்று, ஆசிரியரின் தோல்வியும் அன்று. முன்பு ஏறிய படிகளை இன்னொரு முறை, பெரும்பாலும் விரைவாகவே, ஏறலாம்.

நாய்க்கு அஞ்சும் குழந்தையைப் பழக்குவோர் தெருநாயை நாடலாகாது. வெறிநாய்க்கடியின் அபாயம் நம் நாட்டில் மெய்யானது. தடுப்பூசி போடப்பெற்ற, கட்டப்பட்ட வளர்ப்பு நாயே ஏற்றது.

விபத்து, வெள்ளம், வன்முறை போன்றவற்றுக்குப் பின் உறக்கமின்றித் தவிப்போரிடம் இம்முறையைத் தாமே கையாளக் களப்பணியாளர்கள் முற்படலாகாது; அது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணி. அத்தகையோரை மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.