இருதயம் தளர்வது இரண்டு விதம்!

வெற்றிலைக்குப் பேர்போன ஊர், தூத்துக்குடி அருகேயுள்ள ஆத்தூர். கொடிக்காலில் தண்ணீர் வடியாமல் தேங்கினால் கொடி அழுகிவிடும். மனித உடம்பும் அப்படித்தான்! இருதயம் தளர்ந்தால் நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்கிறது. படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும். இதையே இதயச் செயலிழப்பு என்கிறார்கள் டாக்டர்கள்.

இது முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் இருதயத் தசை பலமிழந்து, இரத்தத்தைச் சரியாகத் தள்ளாது. மாரடைப்பு கண்டவர்களுக்கு இது அதிகம். மற்றொன்றில் தள்ளும் பலம் இருக்கும். ஆனால் தசை விறைத்துப் போவதால் இரத்தம் சரியாக நிரம்பாது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம்.

2013-ல் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளில் இந்நோயுடன் சேர்ந்த 1,205 பேரைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டாவது வகை! மூன்று ஆண்டுகளில் இரு வகையிலும் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இறந்துவிட்டனர். ஆகவே, "தள்ளும் பலம் சரி" என்று எக்கோ பரிசோதனை சொன்னாலும், மூச்சு வாங்கினால் அலட்சியம் கூடாது.

வீடு திரும்பியவர்கள் தினம் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். உப்பளமும் கருவாடும் நிறைந்த கரைதான் இது. ஆனாலும் நோயாளியின் தட்டில் உப்பு குறையட்டும்!