தடைக்குப் பிறகு என்ன?

காட்டுயிர்களைத் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் கொண்டுவந்த ஆஸ்திரேலியரான ஸ்டீவ் இர்வினை உலகம் அறியும். தமிழ்நாட்டைத் தம் களமாகக் கொண்ட ரோமுலஸ் விட்டேகரை நாம் இன்னும் நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

1943-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், சிறுவயதிலேயே இந்தியா வந்து கொடைக்கானலில் படித்தவர். சென்னைப் பாம்புப் பண்ணையை 1969-இலும், மாமல்லபுரம் அருகே முதலைப் பண்ணையை 1976-இலும் தொடங்கினார். ராஜநாகம் குறித்து அவர் எடுத்த தொலைக்காட்சிப் படம் 1998-இல் எம்மி விருது பெற்றது. 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இவற்றினும் மேலாக நான் மதிப்பது வேறொரு பணியை. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை விதிக்கப்பட்டது. பாம்புகள் காப்பாற்றப்பட்டன, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களோ வருவாய் இழந்தனர். விட்டேகரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்தபின் மீண்டும் இயற்கையில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. கொன்றால் ஒருமுறை மட்டுமே வருவாய் தரும் பாம்பு, உயிரோடிருந்தால் தொடர்ந்து வருவாய் தரும் என்றானது. அதே சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றது, அவர்களின் அறிவுக்குக் கிடைத்த மதிப்பு.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இதில் பாடம் உண்டு. இங்கு முத்துக்குளித்தல் 1961-உடன் நின்றது. மூச்சடக்கி மூழ்கும் திறனுக்குச் சங்கும் கடல் அட்டையும் துணைநின்றன. 2001-இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது. அருகிவந்த உயிரினத்துக்கு அந்தப் பாதுகாப்பு தேவையே. ஆனால் வெளிநாட்டுச் சந்தையில் அதன் விலை இறங்கவில்லை. சட்டம் விநியோகத்தை மட்டுமே மூடியது. தேவை அப்படியே இருந்தது. அந்த இடைவெளியில் கடத்தல் வளர்ந்தது. பதப்படுத்திய கடல் அட்டைகள் பிடிபடும் செய்தி இப்பகுதியில் அடிக்கடி வருகிறது. இத்தகைய வணிகத்தில் ஆதாயம் பெரும்பாலும் இடைத்தரகருக்கு. சிறைவாசம் கடலில் மூழ்கியவருக்கு.

மாற்றுவழிக்கான அறிவியலும் இங்கேயே பிறந்ததுதான். மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் 1988-இலேயே கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தது. தடையை நீக்குமாறு நான் கூறவில்லை. குஞ்சுகளைக் கடலில் விடவும், கண்காணிக்கவும், கணக்கெடுக்கவும் குளியாளிகளின் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதற்கு ஊதியம் தரலாம். இருப்பு பெருகிய பின், அதில் ஒரு பங்கை உரிமத்துடன் எடுக்க அனுமதிப்பது குறித்து ஆராயலாம்.

கடலின் அடித்தளத்தை அறிந்தவர்களைக் குற்றவாளிகளாக்கிவிட்டு, அதனைக் கரையில் நின்று காவல் காக்க இயலாது. இருளர்களிடம் பலித்தது குளியாளிகளிடமும் பலிக்குமா என்பதை அரசு ஒரு கடலோர ஊரிலேனும் சோதித்துப் பார்க்க வேண்டும்.