இணையவழி விளையாட்டும் மலையக இளையோரும்: குடும்பம், தோழர் குழாம் பற்றிய சில குறிப்புகள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறும் வீதி, பெரகலச் சந்தியிலே அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்குமாகப் பிரிகின்றது. இச்சந்தியைச் சூழ்ந்தும் ஊவா மாகாணமெங்கணும் பரந்துள்ள தோட்டங்களிலே, கட்டிளம் பருவத்தினரின் கைத்தொலைபேசி விளையாட்டு இன்று பெற்றோரின் கவலைகளுள் ஒன்றாகியுள்ளது. பிள்ளையின் ஒழுக்கக்கேடே காரணம் என்பார் சிலர். கருவியின் தீமை என்பார் வேறு சிலர். இவ்விரு விளக்கங்களும் தனிமனிதனையும் பண்டத்தையும் மாத்திரமே நோக்குகின்றன. இடைநின்று தொழிற்படும் சமூக உறவுகளைக் காணத் தவறுகின்றன. அவற்றுள் முதன்மையானவை குடும்பமும் தோழர் குழாமும் ஆகும்.

முதற்கண் வரைவிலக்கணம் ஒன்று வேண்டப்படுகின்றது. உலக சுகாதாரப் பேரவை 2019 இல் ஏற்றுக்கொண்டு, 2022 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்படுத்தலின் 11ஆம் திருத்தம், மூன்று அறிகுறிகளைச் சுட்டுகின்றது: விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகளினும் அதற்கு முதன்மையளித்தல், தீங்கு விளைந்த பின்னரும் தொடர்தல். இவை கல்வியையும் உறவுகளையும் பெரிதும் பாதித்து, பொதுவாக 12 மாதங்கள் நீடிக்குமிடத்தே அது கோளாறு எனப்படும். மாலையில் ஒருமணி நேரம் விளையாடும் சிறுவனை நோயாளி எனல் பொருந்தாது.

2020 மார்ச்சிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி இணையத்துக்கு மாறியது. 2021 இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவக் கிராமத்து மாணவர்கள் அலைவரிசை தேடி மலையுச்சிக்கு ஏறியமை உலகச் செய்திகளில் இடம்பெற்றது. தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் கைக்குத் தொலைபேசி பள்ளிக்கூடமாகவே வந்து சேர்ந்தது. அதே கருவியில் விளையாட்டும் வந்தது. மேற்பார்வை செய்யவேண்டிய தாயோ காலையிற் பிரட்டுக்குச் சென்று, மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னரே லயத்துக்குத் திரும்புகின்றாள். தந்தை கொழும்பிலே கடைச்சிப்பந்தியாக இருத்தலும், தாய் மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாக இருத்தலும் அரிதன்று. கண்டிப்பற்ற வளர்ப்பு என இதனைப் பழித்தல் எளிது. பெற்றோரின் நேரத்தை உழைப்பு விழுங்கிவிட்டமையே உண்மை.

பெற்றோருடனான நெருக்கம் இக்கோளாற்றுக்கு எதிரான காப்பாகவும், குடும்பப் பூசல் அதனோடு தொடர்புடையதாகவும் பல நாடுகளின் ஆய்வுகளிற் காணப்படுகின்றன. இத்தொடர்பு ஒருவழிப்பட்டதன்று. பூசல் பிள்ளையை விளையாட்டினுள் தள்ளுகின்றது. விளையாட்டு பூசலை வளர்க்கின்றது. ஒற்றை அறையிற் குடும்பம் முழுவதும் வாழும் லயத்திலே, காதிற் செருகிய காதொலிப்பானே பிள்ளைக்குக் கிடைத்த தனியறை.

தோழர் குழாத்தின் செல்வாக்கும் இத்தகையதே. மலிவான கைத்தொலைபேசியிலும் இயங்கும் ‘ஃப்ரீ ஃபயர்’ போன்ற விளையாட்டுக்களில் நால்வர் ஓரணியாகப் பொருதுவர். இடையில் எழுந்து செல்பவன் ஏனைய மூவரையும் கைவிட்டவனாகின்றான். ஆகவே “வைத்துவிட்டு வா” என்னும் தாயின் கட்டளை, தோழமைக்குத் துரோகஞ்செய் என்பதாகவே அவன் செவியில் விழுகின்றது. நகரப் பாடசாலையில் ‘தோட்டத்தான்’ எனச் சிறுமைப்படும் மாணவனுக்கு, விளையாட்டிற் பெறும் தரநிலை மதிப்பளிக்கின்றது. காமன் கூத்திலே வேடம் புனைந்த இளைஞனுக்குத் தோட்டம் அளித்த மதிப்பை, இன்று நிறுவனமொன்று இலவசமாய் அளிப்பதுபோற் காட்டி, உடைகளையும் ஆயுதத் தோற்றங்களையும் விலைக்கு விற்கின்றது. தோழமை இங்கு பண்டமாகின்றது.

இதனால் வறுமையே காரணம் என வாய்பாடு கூறுதலும் தவறு. வசதிபடைத்தோர் பிள்ளைகளும் இதில் அகப்படுகின்றனர். ஆயின், மீள்வதற்கான மைதானமும் நூலகமும் பெற்றோரின் ஓய்வும் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகின்றன. தென் கொரியா 2011 இல் 16 வயதுக்குட்பட்டோருக்கு நள்ளிரவு விளையாட்டைத் தடைசெய்து, பத்தாண்டுகளின் பின் அச்சட்டத்தைக் கைவிட்டது. 2021 இல் சீனா சிறுவர் விளையாடும் நேரத்தை வார இறுதியிலும் விடுமுறையிலும் நாளுக்கு ஒருமணியாகக் குறைத்தது. சட்டம் நேரத்தை வெறுமையாக்கலாம். அதனை நிரப்ப இயலாது.

தொலைபேசியைப் பறித்தல் பல வீடுகளிற் பாடத்தையும் பறித்தலாகும். இரவில் அதனைப் பெரியவரிடம் ஒப்படைக்கும் ஒழுங்கைப் பிள்ளையோடு கலந்து வகுத்தலும், யாருடன் விளையாடுகின்றான் என அருகமர்ந்து கேட்டலும், அந்நால்வரையும் ஒருங்கே மைதானத்துக்கோ கூத்துக்கோ அழைத்தலும் பயன்தரும். அறிகுறிகள் நீடிப்பின் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடவேண்டும். எனினும், அருகமர்வதற்குத் தாய்க்கு ஒருமணி நேரமேனும் வேண்டும். அந்த ஒருமணி நேரம் அறிவுரையாற் கிடைப்பதன்று. கூலியும் வேலைநேரமும் பற்றிய போராட்டத்தினாலேயே கிடைக்கும். பிள்ளையின் விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் தாயின் வேலைநாளைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.