வலையிலிருந்து தப்பிய மீன் பிழைக்குமா?

பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “பெரிய மீன்களைப் பிடித்துக்கொண்டு, சின்னதை உயிரோடுதான் விட்டோம். ரெண்டு மூணு நாள்ல செத்து மிதக்குதே, ஏன் சார்?” யாரோ மருந்து கலந்துவிட்டதாகச் சந்தேகப்படுபவர்களும் உண்டு. பல நேரங்களில் காரணம் நம் வலைதான்.

இதே கேள்வி கடலிலும் எழுந்தது. இழுவலையின் மடியில் கண்ணியைப் பெரிதாக்கினால் குஞ்சுகள் தப்பி வளரும் என்பது கணக்கு. தப்பியவை பிழைக்கின்றனவா என்று பார்க்க, ஐரோப்பாவின் பால்டிக் கடலில் ஆய்வாளர்கள் மடிக்கு வெளியே கூண்டு பொருத்தினார்கள். தப்பி வந்த மீன்களைக் கடலுக்குள்ளேயே பல நாட்கள் வைத்துக் கவனித்தார்கள். காட் மீன்களில் பெரும்பாலானவை பிழைத்தன. நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன்களில் பெரும்பாலானவை செத்தன. அதிலும் சின்ன மீன்களே அதிகம். ஹெர்ரிங்கின் செதில் லேசாக உரசினாலே உதிர்ந்துவிடும்.

செதிலும் அதன் மேலுள்ள வழவழப்பும் மீனுக்குத் தோல் கவசம். அது போனால், நன்னீர் மீனின் உடலிலிருந்து உப்புச்சத்து வெளியேறும். தண்ணீர் உள்ளே புகும். காயத்தில் பஞ்சு போலப் பூஞ்சணம் படரும். வலையில் துள்ளிக் களைத்த மீனுக்கு மூச்சும் திணறும். அதனால்தான் அன்று நீந்திப் போன மீன் மூன்றாம் நாள் மிதக்கிறது.

கடலில் இதற்கு ஒரு வழி, சதுரக் கண்ணி மடி. சாய்சதுரக் கண்ணி இழுபடும்போது சுருங்கிவிடும். சதுரக் கண்ணி திறந்தே இருப்பதால் மீன் எளிதாக வெளியேறும். குட்டையில் நாம் செய்ய வேண்டியவை இவை:

* முதல் நாளே தீவனத்தை நிறுத்துங்கள். வெயில் ஏறும் முன் வலை போடுங்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும் நாளில் வலை வேண்டாம்.

* முடிச்சில்லாத, மிருதுவான வலை நல்லது. சின்ன மீனின் செவுள் மாட்டும் அளவிலான கண்ணிதான் மிக மோசம்.

* சேற்றைக் கலக்காமல் மெதுவாக இழுங்கள். கலங்கிய சேறு செவுளை அடைக்கும்.

* வலையைக் கரையேற்றாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து, பெரிய மீன்களைக் கைவலையால் அள்ளுங்கள். பிறகு வலையின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தினால் சின்னவை தாமாகவே நீந்திப் போகும். தூக்கி எறிய வேண்டாம்.

* தொட நேர்ந்தால் கையை நனைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கெண்டையைக் கையாளும்போது கூடுதல் கவனம் தேவை.

* அடுத்த மூன்று நாட்கள் காலையில் குட்டையைச் சுற்றிப் பாருங்கள். செத்த மீனை உடனே அப்புறப்படுத்தி, எத்தனை என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை எந்த இடத்தில் தவறு என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இவற்றில் பலவற்றுக்குக் கூடுதல் செலவில்லை. கொஞ்சம் பொறுமை போதும். இன்று விட்ட சின்ன மீன்தான் அடுத்த அறுவடையின் வருமானம். அது நீந்திப் போனதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை.