உங்கள் நோட்டுப் புத்தகத்தின் மரம் எந்த நிலத்தில் நின்றது?

காகிதம் பற்றிப் பேச்செடுத்தாலே, ஒரு டன்னுக்கு எத்தனை மரம் வெட்டினார்கள் என்ற கணக்குதான் முதலில் வருகிறது. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்டி விற்பதற்கென்றே வயலில் நட்ட சவுக்கையும், மலைக்காட்டில் தானாக முளைத்த மூங்கிலையும் அது ஒன்றாகவே எண்ணிவிடுகிறது. மரம் எந்த நிலத்தில் நின்றது, அந்த நிலத்தை நம்பி யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதிதான் காகிதத்துக்கு உதவும் நார். நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பசையை காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் வேகவைத்துக் கரைத்து எடுக்கிறார்கள். ஆகவே ஒரு டன் கூழுக்கு இரண்டு டன்னுக்கு மேல் உலர்ந்த மரம் வேண்டும். ஆலை ஓடும் நாளெல்லாம் லாரிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தப் பசிதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

கர்நாடகத்தின் தண்டேலியில் நடந்ததைப் பாருங்கள். 1950-களின் இறுதியில் அங்கே வந்த காகித ஆலைக்கு உத்தர கன்னடக் காடுகளின் மூங்கில் டன் 1.50 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. கூடை முடைந்து பிழைத்தவர்களோ சந்தை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மூங்கில் அழிகிறது என்ற குரல் எழுந்தபோது, 1970-களில் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் ஆராயப் போனார். அவர் கண்டது இது: மூங்கில் நன்றாக வளரும் என்று சொல்லி, புதரின் அடியிலிருந்த முள்மூட்டத்தை வெட்டி அகற்றியிருந்தார்கள். அந்த முள்தான் இளங்குருத்துக்கு வேலி. வேலி போனதும் மாடும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தின்றுவிட்டன. ஊர்க்காரர்கள் முன்பே சொன்னதும் இதைத்தான்; அவர்கள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. அருகிலிருந்த மூங்கில் குறையக் குறைய, ஆலை தொலைதூரக் காடுகளைத் தேடிப் போனது.

1988-ல் வந்த தேசிய வனக் கொள்கை இந்த வழக்கத்தை மாற்றச் சொன்னது. ஆலைகள் தமக்கான மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும். காட்டு மரத்தைச் சலுகை விலையில் கொடுப்பது நிற்க வேண்டும் என்றது.

தமிழகத்தில் அதற்கு முன்பே வேறொரு வழி தொடங்கியிருந்தது. 1979-ல் அரசு நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்ய முனைந்தது. சக்கையைத்தான் சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்தன. அதற்குப் பதிலாக வேறு எரிபொருளில் நீராவி தந்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். எளிமையான, அருமையான யோசனை. ஆனால் மழை பொய்த்தால் கரும்பு குறையும், கரும்பு குறைந்தால் சக்கையும் குறையும். அதனால் மரத்தையும் விடமுடியவில்லை. 2004-05 முதல் விவசாயிகள் நிலத்தில் சவுக்கும் தைலமரமும் வளர்க்கும் திட்டம் வந்தது.

சவுக்கும் தைலமரமும் ஒன்றல்ல. சவுக்கின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குத் தருகிறது. மூன்று நான்கு ஆண்டில் வெட்டலாம், ஆனால் மறுபடி கன்று நட வேண்டும். தைலமரம் வெட்டிய கட்டையிலிருந்தே மறுதாம்பாகத் துளிர்க்கும். செலவு குறைவு என்பதால் நடுகிறவர்கள் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் விவசாயிகள் நீண்ட காலமாகச் சொல்லும் குறை வேறு: வனத்துறை நிலங்களிலுள்ள தைலமரக் காடுகளும் அவற்றில் போட்ட வரப்புகளும் கண்மாய்க்கு வர வேண்டிய மழைநீரைத் தடுக்கின்றன என்கிறார்கள். நட்ட மரம் என்பதாலேயே அது நல்ல மரம் ஆகிவிடாது என்பதற்கு இந்த ஒரு குறை போதும். விலையும் அப்படித்தான். டன்னுக்கு இவ்வளவு என்று ஆலை அறிவித்தாலும், வெட்டுக்கூலி, பட்டை உரிக்கும் கூலி, லாரி வாடகை எல்லாம் கழிந்து கையில் நிற்பதுதான் விவசாயியின் விலை. அது கட்டுப்படியாகாவிட்டால் அடுத்த முறை அவர் நடமாட்டார். அப்போது ஆலையின் பார்வை எங்கே திரும்பும் என்பதை தண்டேலி காட்டிவிட்டது.

வாங்குகிறவருக்கு இதையெல்லாம் காட்டத்தான் சான்று முத்திரைகள் வந்தன. 1993-ல் தோன்றிய எஃப்எஸ்சி அமைப்பின் மர வடிவக் குறியைப் பல நோட்டுகளின் பின்னட்டையில் காணலாம். அதில் மூன்று வகை உண்டு. 'நூறு சதவீதம்' என்றால் எல்லா நாரும் சான்று பெற்ற தோட்டத்திலிருந்தோ காட்டிலிருந்தோ வந்தது. 'ரீசைக்கிள்டு' என்றால் பழைய காகிதத்திலிருந்து வந்தது. 'மிக்ஸ்' என்பதில் சான்று பெறாத மரமும் கலந்திருக்கலாம். சட்டவிரோதமாக வெட்டியதும், மக்களின் உரிமையைப் பறித்து எடுத்ததும், இயற்கைக் காட்டை அழித்துத் தோட்டமாக்கியதும் அதில் சேரக் கூடாது என்பது விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய சட்டம் இன்னும் ஒருபடி போகிறது. மரக்கூழ் விற்கிறவர் மரம் வளர்ந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையே காட்ட வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலமாக அது இருக்கக் கூடாது. அமலுக்கு வருவது தள்ளிப்போனாலும், கேட்கும் கேள்வி சரியான கேள்வி.

பழைய காகிதமே போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகித் தேய்கிறது. சில சுற்றுகளுக்குப் பின் புது நார் சேர்த்தே ஆக வேண்டும்.

தமிழ்ப் பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புத்தகத்தின் விவரப் பக்கத்தில் காகிதத்தின் எடையை அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே அந்தக் காகிதம் எந்த ஆலையுடையது, எந்த நாரால் ஆனது என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கும் பெற்றோர் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். குறி இல்லையென்றால் கடைக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள்.